மாடத்தியின் பத்தியம்

நாவல்துறை ஆற்றங்கரையில் வடிவம்மை வைத்தியசாலை நடத்திவந்தார். தகப்பனுக்குப் பின் மகள். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நல்லபெருமாளுக்கு அவரைவிட வயது அதிகம். நரைத்த தலை, கருத்த தலையைக் குருவென்று கும்பிடுவதைப் பார்த்து ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு சிரிக்க வேறு விஷயம் கிடைத்ததும் அதை விட்டுவிட்டது.

நல்லபெருமாள் அதற்கு முன் ஒரு சத்திரத்தில் மணியக்காரராக இருந்தவர். வழிப்போக்கருக்கு ஊற்றும் மோரில் தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடித்து, கலந்தவன் முன்னாலேயே மோர்ப்பானையைப் போட்டு உடைத்துவிட்டு வெளியேறினவர். நியாயமான மனிதர். அநியாயத்தைக் கண்டால் காது மடல் சிவந்துவிடும். வாய் தானாகத் திறந்துகொள்ளும். வடிவம்மை இன்னும் அவரை ‘மணியக்காரரே’ என்றுதான் கூப்பிடுவார்.

வடிவம்மையின் வைத்தியத்தில் முதலில் கீரை, காய், பழம். சூரணமும் கஷாயமும் அதற்கப்புறம். தொண்டைக்கட்டுக்குத் தூதுவளை ரசம், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை, பிள்ளைகளின் வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் தண்ணீர் என்று நல்லபெருமாள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கற்றது பலிக்காதபோது அவருக்குக் கோபம் வரும். மருந்தின் மேல் அல்ல, நோயாளியின் மேல்.

ஒரு நாள் வடிவம்மை அக்கரைக்குப் போயிருந்த நேரத்தில் கீரைத்தோட்டம் கொம்பையா தன் மனைவி மாடத்தியைக் கூட்டிவந்தான். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. போன தடவை பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவையும் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றாள்.

நல்லபெருமாள் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது. நகத்திலும் ரத்தம் இல்லை.

“முருங்கைக்கீரை தினமும் சாப்பிடணும். எள்ளும் கருப்பட்டியும் சேத்து இடிச்சு ஒரு உருண்டை. நெல்லிக்காய் ஒண்ணு. கொய்யாப்பழம் கிடைக்கும்போதெல்லாம்.”

கொம்பையா சிரித்தான். “எங்க வீட்லயா கீரைக்குப் பஞ்சம்? ஊருக்கே நாங்கதான் கீரை போடுதோம். கொல்லையில முருங்கை நிக்கி, நெல்லி நிக்கி, கொய்யா நிக்கி.”

“பின்ன என்ன? மருந்துச்சாலை உங்க கொல்லையிலயே இருக்கு. போயிட்டு வாங்க.”

சுலபமான வைத்தியம் என்று நல்லபெருமாளுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

மறுபடி அவர்கள் வந்தபோது மாடத்தியை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் வாய்க்காலிலேயே சாய்ந்துவிட்டாளாம். முகம் வீங்கியிருந்தது. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை.

நல்லபெருமாளுக்குக் காது மடல் சிவந்தது.

“நான் சொன்னதைச் செஞ்சியா?”

“செஞ்சேன் ஐயா.”

“முருங்கைக்கீரை?”

“தினமும் சமைக்கேன் ஐயா.”

“எள்ளுருண்டை?”

“இடிச்சு வெச்சேன் ஐயா.”

“பொய் சொல்லாத. செஞ்சிருந்தா இப்படி இருப்பியா? கசக்குது, பிடிக்கலன்னு ஒதுக்கியிருப்ப. உன் வயித்துல இருக்குற பிள்ளை உங்கிட்ட என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டுல இவ்வளவு வெச்சுக்கிட்டு இப்படிக் கிடக்கியே, வெக்கமா இல்ல?”

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கொம்பையாவும், “கேட்டுக்கோ, எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், உடம்பைப் பாருன்னு” என்றான்.

மூலையில் வேர்களைக் கழுவிக்கொண்டிருந்த வடிவம்மை எழுந்து வந்தார். மாடத்தியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கொம்பையா, உங்க வீட்டுக்கு நாளைக்கு மதியம் நாங்க சாப்பிட வரலாமா?”

கொம்பையாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. வடிவம்மை யார் வீட்டிலும் கை நனைத்தவர் இல்லை. “எங்க வீட்டுக்கா? வாங்கம்மா. அப்பா கேட்டா குதிச்சிருவாரு” என்றான்.

மறுநாள் வாசலிலேயே கொம்பையாவின் தகப்பனார் பரமக்குட்டி காத்திருந்தார். கொம்பையாவின் தம்பிமார் இருவர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவினார்கள். கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. வைத்தியர் என்பதால் வடிவம்மைக்கும் ஆண்களோடு இலை போட்டார்கள்.

மாடத்தி பரிமாறினாள். சோறு, பருப்பு, தேங்காய்ப்பூ தூவின முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி. ஒவ்வொரு இலை ஓரத்திலும் கீறி வைத்த கொய்யாப்பழம். குனிந்து நிமிரும்போதெல்லாம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

வடிவம்மை மோர்ச்சோறு மட்டும் வாங்கிக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார்.

நல்லபெருமாள் நன்றாகச் சாப்பிட்டார். கீரை அவ்வளவு பதமாக வெந்திருந்தது. “இன்னொரு கை கீரை வை தாயி” என்று கேட்டு வாங்கினார். தம்பிமார் கேட்டார்கள். பரமக்குட்டி கேட்டார். சட்டி சுரண்டும் சத்தம் கேட்டது. கடைசியில் எள்ளுருண்டை வந்தது, ஆளுக்கு ஒன்று.

சாப்பிட்டு முடிந்ததும் வடிவம்மை கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். நல்லபெருமாளும் பின்னாலேயே போனார். அடுப்படி வாசலில் வடிவம்மை நின்றுவிட்டார். அவர் தோளுக்கு மேலே நல்லபெருமாள் எட்டிப் பார்த்தார்.

மாடத்தி தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் காலிக் கீரைச்சட்டி. அதில் அடிச்சோற்றைப் போட்டு, வடிகஞ்சியை ஊற்றி, சட்டியோடு ஒட்டியிருந்த பச்சையை விரலால் வழித்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய். கொய்யாத் தட்டில் காம்புகள் மட்டும் கிடந்தன.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கூடத்திலிருந்து குரல் வந்தது. “மாடத்தி, வெத்தலச் செல்லத்தை எடு.” அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

நல்லபெருமாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூடத்துக்கு வந்து நின்று கத்தினார்.

“கொம்பையா, நீயெல்லாம் மனுசன்தானா? ஊருக்குக் கீரை போடுதேன்னு சொன்ன. உன் வீட்டுக்காரி சட்டியை வழிச்சுத் திங்கா. வயித்துப் பிள்ளைக்காரி அவ. அவளுக்குன்னு சொன்ன எள்ளுருண்டையை உன் தம்பிக வாயில போடுதாங்க. கண்ணு தெரியல உனக்கு?”

கொம்பையா திகைத்து எழுந்தான். “நாங்களா அவளைச் சாப்பிடாதங்கோம்? அவ எடுத்து வெச்சுக்கிடலாம்லா.”

“எங்கிருந்து எடுத்து வைப்பா? நீங்க மிச்சம் வெச்சாத்தானே?”

“எங்க அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டா. ஊருல எந்தப் பொம்பள முதல்ல உக்காருதா, சொல்லுங்க பாப்போம்.”

“உங்க அம்மாவையும் இப்படித்தான் கொன்னீங்களா?”

பரமக்குட்டி வெற்றிலையைக் கீழே வைத்தார். “வேய், மணியக்காரரே. சாப்பாடு போட்ட வீட்டு அடுப்படியை எட்டிப் பாக்குதது என்ன பழக்கம் வேய்? வைத்தியம் பாக்க வந்தீரா, வீட்டைக் கெடுக்க வந்தீரா?”

கொம்பையா மாடத்தி பக்கம் திரும்பினான்.

“ஏளா, இவங்ககிட்ட போயி என்ன சொல்லி வெச்சிருக்க?”

மாடத்தி வெற்றிலைப் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லாமத்தான் வீடு தேடி வந்து இவர் இந்த ஆட்டம் ஆடுதாரா?” அவன் ஓரடி எடுத்து வைத்தான்.

வடிவம்மை நடுவில் வந்து நின்றார். நல்லபெருமாளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“வெயில் தலைக்கு ஏறிடுச்சு இவருக்கு. ரெண்டு நாளா இப்படித்தான் பேசுதாரு. மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் பிள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் அவ நாடியைப் பாக்கத்தான் வந்தேன். மருந்தை மாத்தணும். நாளைக்கு நீயும் அப்பாவும் அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

கொம்பையா மெல்ல உட்கார்ந்தான். பரமக்குட்டி வெற்றிலையைத் திரும்ப எடுத்தார். நல்லபெருமாள் முகத்தில் அறை வாங்கினவர் போல வெளியே நடந்தார்.

ஆற்றங்கரை வந்ததும் நல்லபெருமாள்தான் பேச்சைத் தொடங்கினார்.

“என்னைக் கிறுக்கன் ஆக்கிட்டீங்க.”

“ஆமா.”

“நான் சொன்னதுல பொய் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“நாம இங்க வந்துட்டோம், மணியக்காரரே. அவ அங்கதான இருக்கா.”

“அதுக்காக வாயை மூடிக்கிட்டு வரணுமா? கண்ணு முன்னால ஒரு உசுரு—” என்றவருக்கு அந்த நேரம் பார்த்து ஏப்பம் வந்தது. முருங்கைக்கீரை வாசம். அவர் பேச்சு நின்றுவிட்டது. வடிவம்மை அதைக் கேட்காதவர் போல முன்னால் நடந்தார்.

வைத்தியசாலைக்கு வந்ததும் வடிவம்மை அடுப்பை மூட்டிச் சீரகத்தை வறுத்தார். உரலில் போட்டு இடித்தார். நல்லபெருமாள் எட்ட நின்று பார்த்தார். சீரகத்துக்கு நாலு இடி போதும். வடிவம்மை நிறுத்தவில்லை. உலக்கை விழுகிற வேகத்தில் உரல் நகர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கை ஓயும் வரை இடித்தார். பொடி மாவாகிப் பறந்தது. அதில் ஒரு சிட்டிகை வேப்பம்பட்டைத் தூளைக் கலந்து, இலையில் மடித்து வைத்தார்.

மறுநாள் கொம்பையாவும் பரமக்குட்டியும் மாடத்தியோடு வந்தார்கள். வடிவம்மை பொட்டலத்தை மாடத்தியின் கையில் கொடுத்துவிட்டு, பரமக்குட்டியைப் பார்த்துப் பேசினார்.

“பெரியவரே, உங்களுக்குப் பத்தியம் தெரியும்லா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? மஞ்சக்காமாலைக்கு உங்க அப்பா கீழாநெல்லி குடுத்தப்ப உப்பை நாக்குல காட்டல நான். தங்கச்சி கல்யாணத்துலயே வெறும் மோருஞ்சோறுந்தான்.”

“இது அதைவிடக் கடுமையான பத்தியம். வீடே சேர்ந்து காக்கணும்.”

“சொல்லுங்க.”

“சமைச்சு இறக்கினதும் முதல் பங்கு இவளுக்கு. கீரை, பருப்பு, பழம் எல்லாத்துலயும். உக்காந்து, வயிறு நிறையச் சாப்பிடணும். இவ சாப்பிட்டு எழுந்திரிச்ச பிறகுதான் மத்தவங்க இலையில சோறு விழணும். இவ சாப்பிடும்போது யாரும் கூப்பிடக் கூடாது. காலையிலயும் அப்படித்தான், ராத்திரியும் அப்படித்தான். சாப்பிட்டதும் இந்தப் பொடியில ஒரு சிட்டிகை.”

கொம்பையா தகப்பனைப் பார்த்தான். தகப்பன் வடிவம்மையைப் பார்த்தார்.

“மீறினா?”

“மருந்து வேலை செய்யாது. பிள்ளை தங்காது.”

பரமக்குட்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “பத்தியம்னா பத்தியந்தான். நான் பாத்துக்கிடுதேன்.”

அவர்கள் போன பிறகு நல்லபெருமாள் வெடித்தார்.

“சீரகம். வெறும் சீரகம். நேத்து நியாயத்தைச் சொன்னவன் கிறுக்கன். இன்னைக்குப் பொய்யைச் சொன்னவங்க வைத்தியர். அப்படித்தானே?”

வடிவம்மை உரலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவங்க செஞ்ச அநியாயம் அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு பொம்பளையைப் பட்டினி போட்டோம்னு அவன் நெஞ்சுல உறைக்க வேண்டாமா? மருந்துக்காகவாம், மரியாதையா வழி விடுவாங்களாம். மனுசிக்காக விட மாட்டாங்க.”

“உரலைப் பிடிங்க. கவுத்து வைக்கணும்” என்றார் வடிவம்மை.

நல்லபெருமாள் உரலைப் பிடித்தார். ஆனால் அன்றிலிருந்து அவசியத்துக்கு மேல் ஒரு சொல்கூட வடிவம்மையிடம் பேசவில்லை.

கீரைத்தோட்டத்துப் பக்கம் போவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. வேர் பறிக்கப் போகிற சாக்கில் ஒரு மதியம் வேலிக்கு வெளியே நின்றார். வீட்டு முற்றத்தில் கொம்பையாவும் தம்பிமாரும் பசித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து தாளித்த வாசம் வந்துகொண்டிருந்தது. சின்னவன் முணுமுணுத்தான்.

“இன்னும் எவ்வளவு நேரம் சாப்பிடுவா?”

“சத்தம் போடாதல” என்றார் பரமக்குட்டி. “பத்தியம் முறிஞ்சிரும்.”

நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. பெண் ஒருத்தி சோறு தின்பதற்கு இத்தனை காவல் வேண்டியிருக்கிறதே என்று.

இன்னொரு நாள் மாடத்தி தனியாக முருங்கை மரத்தடியில் நின்று கீரை உருவிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. தூணும் சுவரும் பிடிக்காமல் நின்றாள். நல்லபெருமாள் வேலியருகே போனார். உண்மையைச் சொல்லாமல் அவருக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

“தாயி, உனக்காவது தெரியணும். அம்மா குடுக்கிறது மருந்தே இல்ல. சீரகப் பொடி.”

மாடத்தி கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் ஐயா. தினமும் ரசத்துக்குத் தட்டுதவளுக்குச் சீரக வாசம் தெரியாதா? இவங்க அதை ரசத்துலதான் பாத்திருக்காங்க.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“பசிச்சுது ஐயா.”

அவள் கையிலிருந்த இணுக்கை முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள். “அன்னைக்கு எங்கிட்ட நீங்களும் சத்தம் போட்டீங்க. கீரை கசக்குதோன்னு கேட்டீங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா கசக்குதா இனிக்குதான்னு எனக்கு அப்ப தெரியாது ஐயா.”

நல்லபெருமாள் வேர் பறிக்காமலேயே திரும்பினார். அன்று வைத்தியசாலையில் சமையலுக்கு இருந்த மூதாட்டி இலை போட்டபோது, “நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார். அவள் தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, “என்ன கேட்டீங்க?” என்றாள். மறுபடியும் கேட்டார்.

மாடத்திக்குப் பெண் பிறந்தது. அழுத அழுகையில் அடுத்த தெருவுக்குக் கேட்டது. வடிவம்மைதான் பிரசவம் பார்த்தார்; நல்லபெருமாள் வாசலில் வெந்நீர் போட்டார்.

பிள்ளைக்குத் தலை நிற்கத் தொடங்கிய பருவத்தில் கொம்பையா ஒரு கட்டு கீரையோடு வைத்தியசாலைக்கு வந்தான். உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தான்.

“என்ன கொம்பையா, பிள்ளைக்கு என்ன?”

“பிள்ள நல்லா இருக்கு அம்மா. அவளும் நல்லா இருக்கா. இந்தப் பத்தியம் எப்ப முடியும்னு கேக்க வந்தேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

கொம்பையா தலையைச் சொறிந்தான். “நேத்து பிள்ளையைத் தூங்க வைக்க அவளுக்கு நேரம் ஆயிட்டு. நீங்க உக்காருங்கன்னு அவளே சோத்தைப் போட்டுட்டுப் போயிட்டா. உக்காந்தோம். பசி காதை அடைக்கி. ஆனா கை இறங்க மாட்டேங்கி. அவ சாப்பிட்டாளான்னு அப்பா கேட்டாரு. இல்லன்னேன். அவரு இலையை விட்டு எந்திரிச்சிட்டாரு. தம்பிகளும் எந்திரிச்சிட்டாங்க. அவ வந்து சாப்பிட்டு முடிக்குத வரைக்கும் சோறு ஆறிக் கிடந்துச்சு. மருந்தை அவளுக்குத்தானம்மா குடுத்தீங்க? எங்களுக்கு ஏன் தொண்டையில இறங்கல?”

வடிவம்மை கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்தார். “மாடத்திட்ட கேட்டியா, எப்ப முடிக்கலாம்னு?”

“கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்ங்கா.”

“அப்ப போகட்டும்.”

கொம்பையா கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் தலை மறையும் வரை நல்லபெருமாள் பொறுத்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அத்தனை நாள் பேசாததெல்லாம் சேர்ந்து வந்தது.

“பாத்தீங்களா? தப்புச் செஞ்சோம்னு ஒரு வார்த்தை உண்டா அவன் வாயில? இவ்வளவு நடந்தும் அவனுக்கு ஒண்ணும் புரியல. மனசு மாறியா எந்திரிச்சாங்க? நியாயம் தெரிஞ்சா எந்திரிச்சாங்க? அவளுக்கு முன்னால சாப்பிடாம இருந்து இருந்து கை அப்படி ஆகிப்போச்சு. வெறும் பழக்கம் அம்மா. வெறும் பழக்கம்.”

வடிவம்மை முற்றின தண்டுகளைக் கிள்ளி ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

“முன்ன இருந்ததும் வெறும் பழக்கந்தான், மணியக்காரரே. இதை முறிக்கவும் அவங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கட்டும்.”